முகச் சத்திரசிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. போரைக் கடந்து வந்த பெண்ணின் முகத்தில் அகம் மட்டுமா தெரிகிறது? செல் துண்டு கிழித்துப் போன கோடு தெரிகிறது. பதுங்குகுழிக்குள் கழிந்த இரவுகள் கண்ணுக்குக் கீழே கருவளையமாகத் தெரிகின்றன. முகாமில் ஒட்டிப்போன கன்னம், வெயிலில் நின்று உழைத்ததால் படர்ந்த மங்கு, நாற்பது வயதிலேயே அறுபதைக் காட்டும் சுருக்கம் எல்லாம் தெரிகின்றன.

கண்டி நகரிலும் சுற்றுப்புறத்திலும் இப்படியான பெண்கள் பலர் வாழ்கிறார்கள். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் அகப்பட்டு, மீண்டும் மலையகம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி வழியாக, சிகிச்சைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ வந்து தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தபோது காயப்பட்ட இந்நகரத்துப் பெண்களும் உண்டு. மொழியும் மதமும் வேறாக இருந்தாலும் கண்ணாடியின் முன் நிற்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முகத்தை மாற்ற முடியுமா?"

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க நம் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். கணவனை இழந்தவளுக்கு அழகு எதற்கு என்று அயலவர் சொல்வார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம், முகத்துக்கு என்ன குறை என்று உறவினர் சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கை தொலைபேசியில், "காசு அனுப்புகிறேன் அக்கா, போய் முகத்தை இழுத்துக் கட்டிக்கொள்" என்று சொல்வதும் இன்று நடக்கிறது. ஏளனமும் அவசரமும் பெண்ணுக்கு உதவுவதில்லை. அவளுக்கு வேண்டியது சரியான தகவல். அதைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயதா, காயமா, கவலையா?

முகத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு பெண்ணும் தன்னையே கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. என் முகத்தில் எனக்குப் பிடிக்காமல் இருப்பது வயதினால் வந்ததா, காயத்தினால் வந்ததா, நோயினாலும் கவலையினாலும் வந்ததா? மூன்றும் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கலாம். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு, போக வேண்டிய இடம் வேறு, செலவும் வேறு. இதைப் பிரித்தறியாமல் தனியார் நிலையமொன்றில் பணத்தைக் கட்டுபவர், இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைக்குக் கடன்படவும் கூடும். கத்தியால் தீராத ஒன்றுக்கு முகத்தை வெட்டக் கொடுக்கவும் கூடும்.

முகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் பேஸ் லிப்ட் என்று சொல்லப்படுவது வயதினால் தளர்ந்து தொங்கும் கன்னத்தையும் தாடையோரத்தையும் கழுத்தையும் மேலே தூக்கிக் கட்டும் சத்திரசிகிச்சையாகும். நெற்றிப்பொட்டின் மயிரோரத்தில் தொடங்கி, காதின் முன்பக்கமாக இறங்கி, காதுச்சோணையைச் சுற்றிப் பின்பக்கம் வரை வைத்தியர் கீறுவார். தோலைப் பிரித்து, அதன் அடியிலுள்ள உறுதியான படலத்தை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி அகற்றி மூடுவார். இரண்டு மணித்தியாலம் முதல் ஐந்து மணித்தியாலம் வரை எடுக்கலாம். முழு மயக்கத்திலும் செய்வார்கள்; இடத்தை விறைக்கச் செய்து, தூக்க மருந்து கொடுத்தும் செய்வார்கள்.

இதன் பலன் என்றென்றைக்கும் நிற்பதில்லை. ஏறக்குறைய ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை நிற்கும் என்பது வைத்தியர்களின் பொதுவான கணக்கு. அதற்குப் பிறகும் முதுமை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இது செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மங்கு போகாது. நிறம் வெளுக்காது. வாயைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகள் முழுதாக மறையாது. கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் மாறாது. கன்னத்தின் நடுவேயுள்ள செல் காயத் தழும்பும் இதனால் அழியாது.

போரும் முகச் சிகிச்சையும்

முகத்தைச் சீர்செய்யும் வைத்தியத்தின் வரலாறு போரோடு பின்னிக் கிடக்கிறது. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்ட கௌவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைத் திருப்பி மடித்துப் புது மூக்கு வைத்தார்கள் இந்தியாவின் புனேயைச் சேர்ந்த வைத்தியர்கள். அந்தச் செய்தி 1794ஆம் ஆண்டு லண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்த பிறகே ஐரோப்பிய வைத்தியர்கள் அந்த முறையைக் கற்கத் தொடங்கினார்கள்.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற இடத்தில் தனி வைத்தியசாலையே திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய ஹரல்ட் கில்லிஸ் இன்றைய பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர்.

அதே போர்க்காலத்தில் பிரான்சில் காயப்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்தவர்களில் சுசான் நொயெல் என்ற பெண் வைத்தியரும் ஒருவர். முகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சையை ஆரம்பத்தில் வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். வயது தெரிந்தால் வேலை பறிபோகும் என்ற நிலையிலிருந்த பெண்கள் அவரிடம் வந்தார்கள். இது வீண் ஆடம்பரம் என்று மற்றவர்கள் சிரித்தபோது, உழைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு முகம் ஒரு வாழ்வாதாரம் என்று அவர் வாதாடினார். அழகுச் சத்திரசிகிச்சையின் சமூகப் பங்கு பற்றி 1926இல் நூலொன்றும் எழுதினார். ஒரு பெண் தன் முகத்தைப் பற்றி அக்கறைப்படுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

நமக்கு மிக நெருக்கமான கதை ஹிரோஷிமாப் பெண்களுடையது. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு வீழ்ந்தபோது பள்ளி வயதுச் சிறுமிகளாக இருந்தவர்களில் பலர் முகமும் கையும் எரிந்து, தடித்த தழும்புகளோடு வீட்டுக்குள் மறைந்து வாழ்ந்தார்கள். அவர்களில் 25 பேர் 1955ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார்கள். நூற்றுக்கும் அதிகமான சத்திரசிகிச்சைகள் நடந்தன. ஒட்டியிருந்த விரல்கள் பிரிந்தன. மூடாத இமைகள் மூடின. ஆனால் எவருக்கும் பழைய முகம் அப்படியே திரும்பி வரவில்லை. 1956ஆம் ஆண்டு தொமோக்கோ நக்கபயாஷி என்ற இளம் பெண் சத்திரசிகிச்சையின்போது மயக்க நிலையிலேயே இதயம் நின்று இறந்துபோனார். சிகிச்சையால் எவ்வளவு நன்மை கிடைக்கும், அதற்கு எல்லை எங்கே, ஆபத்து என்ன என்ற மூன்றையும் இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது.

காயம் என்றால் எங்கே போவது?

உங்கள் முகத்தில் இருப்பது செல் காயமோ, சூட்டுக் காயமோ, தீக்காயமோ என்றால் அது அழகுக்கான சிகிச்சை என்ற கணக்கில் வராது. சீரமைப்புச் சிகிச்சை என்ற கணக்கில் வரும். அது அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கண்டி தேசிய வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. தாடை எலும்பு உடைந்து கோணலாகப் பொருந்தியவர்கள், வாய் முழுதாகத் திறக்க முடியாதவர்கள், பல் வரிசை இழந்தவர்கள் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கே வாய், தாடை, முகத்துக்கான சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேராதனையிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

நேரே நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, உரிய கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, முகாமிலோ வேறு வைத்தியசாலையிலோ கிடைத்த நோய் விபரத் துண்டுகள், எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம். அவசரத் தீக்காயங்களும் புற்றுநோயாளர்களும் முந்துவார்கள். பொறுமை வேண்டும், ஆனால் கொடுத்த திகதியைத் தவறவிடக் கூடாது.

இனிச் சில குறிப்பான விடயங்கள்.

தழும்பு முதிர்வதற்குப் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை வைத்தியர்கள் காத்திருப்பார்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆகவே அக்காலக் காயங்கள் எல்லாம் எப்போதோ முதிர்ந்துவிட்டன. "இவ்வளவு காலம் போய்விட்டதே, இனி என்ன செய்வது" என்று நினைக்க வேண்டாம். பழைய தழும்பையும் வெட்டித் திசைமாற்றித் தைக்கலாம். சுருங்கி இழுக்கும் கழுத்துத் தோலை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம்.

தழும்பை அடியோடு அழிக்க எந்த வைத்தியராலும் முடியாது. கண்ணில் படும் தழும்பை எளிதில் கண்ணில் படாத தழும்பாக மாற்றலாம். அப்படி அழித்துத் தருவதாக ஒருவர் உறுதி கூறினால் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற கருமை நிறத் தோலில், வெட்டிய இடம் தடித்து வளரும் தன்மை கூடுதல். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ முன்பு அப்படித் தடித்திருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். அத்தகைய தழும்புக்கு ஊசி மருந்து, சிலிக்கன் தாள், அழுத்தக் கட்டு என்பன வெட்டாமலே பலன் தரக்கூடும். வெட்டினால் முன்னைவிடப் பெரிதாகவும் வளரக்கூடும்.

உடம்புக்குள் செல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். தொந்தரவு தராத துண்டைச் சிலவேளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏனெனில் தோண்டி எடுக்கப் போய் நரம்பு அறுபடலாம். எம்.ஆர்.ஐ. என்ற காந்தப் பரிசோதனைக்குப் போகும்போது உலோகத் துண்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவது ஆபத்தானது.

காயத்தில் நரம்பு அறுந்து ஒரு பக்க முகம் தொங்கிப்போனவர்களுக்கு, தொங்கும் வாயோரத்தைத் தொடையிலிருந்து எடுத்த தசைநார்ப் பட்டியால் தூக்கிக் கட்டலாம். மூடாத மேல் இமைக்குள் சிறு எடை வைத்து மூடச் செய்யலாம். முகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சையே இவர்களுக்கு ஒரு பக்கத்தில் மாத்திரம் செய்யப்படுவதும் உண்டு. இமை மூடாமல் இருப்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கண் காய்ந்து பார்வையே போகலாம். இவர்கள் உடனே போக வேண்டும்.

கத்தி தேவையில்லாத முகங்கள்

கன்னம் ஒட்டிப்போவதற்குக் கடைவாய்ப் பற்கள் இல்லாததும் ஒரு காரணம். பொய்ப்பல் கட்டியதும் முகம் நிறைந்து தெரிவதை நாம் பார்த்திருக்கிறோம். முகம் வெளிறியிருப்பது இரத்தச்சோகையாக இருக்கலாம். முகம் ஊதி, கண்கள் வீங்கி, எப்போதும் சோர்வாக இருப்பது தைரொயிட் சுரப்பியின் குறைபாடாக இருக்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் இவை தெரியவரும். 35 வயதைக் கடந்த பெண்களுக்காக நடக்கும் சுகவனிதையர் கிளினிக் பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிரசர், சீனி என்பவற்றையும் அங்கே பார்த்துவிடலாம்.

தூக்கமின்மையும் அழுகையும் முகத்தில் கோடு போடும். இரவில் திடுக்கிட்டு விழிப்பவர்கள், காணாமற்போனவருக்காக வாசலைப் பார்த்தபடி இருப்பவர்கள், கண்ணாடியைக் கண்டாலே வெறுப்பவர்கள் முதலில் மனநல வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ சந்திப்பது நல்லது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவை இயங்குகிறது. துயரத்தைத் தோலோடு சேர்த்து வெட்டி எடுக்க முடியாது.

வெளுக்க வைக்கும் கிறீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரும் தயாரிப்பாளரும் தெரியாத கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, முகம் சிவந்து, விட்டால் முன்னிலும் மோசமாகும். அதுபோல அழகுநிலையங்களில் முகத்துக்கு ஊசி போட இடம் கொடுக்க வேண்டாம். நிரப்பி ஊசி மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வை பறிபோன சம்பவங்கள் உலகில் உண்டு.

வயதுக்காகச் செய்வதென்று தீர்மானித்தால்

இவை எல்லாவற்றையும் யோசித்த பின்னும் தளர்ந்த முகத்தை உயர்த்திக்கொள்ள ஒரு பெண் விரும்பலாம். அது அவளுடைய உரிமை. வயதுக்கான இந்தச் சிகிச்சை அரச வைத்தியசாலைகளில் முன்னுரிமை பெறாது. தனியாரிடமே போக வேண்டியிருக்கும். அப்போது கவனிக்க வேண்டியவை பல.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணரா என்று பாருங்கள். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட்டிருப்பது மட்டும் போதாது. தனியார் வைத்தியசாலைகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். அந்தப் பதிவு உண்டா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. என் முகத்தில் எது மாறும், எது மாறாது?
2. இந்தச் சத்திரசிகிச்சையை நீங்களே செய்வீர்களா? எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
3. மயக்க மருந்து கொடுப்பவர் நிபுணரா? அவசரம் ஏற்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டா?
4. கீறல் எங்கே வரும்? தழும்பு தடித்தால் என்ன செய்வீர்கள்?
5. எத்தனை நாள் வைத்தியசாலையில் தங்க வேண்டும்?
6. மொத்தச் செலவு எவ்வளவு? வைத்தியர், மயக்க மருந்து, சத்திரசிகிச்சைக் கூடம், அறை, மருந்து, மீண்டும் காட்டும் நாட்கள் எல்லாம் அதில் அடங்குமா?
7. திருப்தியில்லாமல் போனாலோ சிக்கல் வந்தாலோ திருத்தும் செலவு யாருடையது?

பதில்களை எழுத்தில் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே முற்பணம் கேட்டு அவசரப்படுத்துபவரிடம் கட்டிவிட வேண்டாம். இரண்டாவது வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நகையை அடகு வைத்தோ, கிழமைக் கட்டணத்துக்கு நுண்கடன் எடுத்தோ செய்ய வேண்டிய சிகிச்சை இதுவல்ல. கடன் அறவிட வருபவர் வாசலில் நிற்கும்போது முகத்தில் மீண்டும் கோடு விழும். சென்னைக்கோ வேறு நாட்டுக்கோ போய்ச் செய்ய நினைப்பவர்கள், தையல் வெட்டும் வரையாவது அங்கே தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். திரும்பி வந்த பின் சிக்கல் ஏற்பட்டால் இங்கே யார் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

ஆபத்துகள்

அதிகமாக ஏற்படும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் சேர்வதாகும். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் இது நடக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலி கூடினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத பிரசர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூட. தோட்டப்புறத்திலிருந்தும் மலைக்கிராமங்களிலிருந்தும் வருபவர்கள் ஆரம்ப நாட்களில் வைத்தியசாலைக்கு அருகே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவசரமானால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசம்.

முகத்தை அசைக்கும் நரம்பு காதின் முன்னால் வெளிப்பட்டு நெற்றி, இமை, உதடு எனக் கிளைவிடுகிறது. அது பாதிக்கப்பட்டால் புன்னகை கோணலாகும். பெரும்பாலும் இது சில மாதங்களில் சரியாகும்; சிலருக்கு நிரந்தரமாகவும் இருந்துவிடலாம். காதுச்சோணையும் கன்னமும் சில மாதங்கள் விறைத்திருப்பது சாதாரணம். அக்காலத்தில் தோடு இறுகுவதோ சூடு படுவதோ தெரியாது, கவனம் தேவை.

தோலின் ஓரம் இரத்தவோட்டம் இல்லாமல் கருகிப்போவதும் உண்டு. புகைப்பவர்களுக்கு இது அதிகம். நம் பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களே! அந்த நிக்கொட்டினும் இரத்தக் குழாயைச் சுருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் குறைந்தது நான்கு கிழமைகளாவது அதை நிறுத்த வேண்டும். அஸ்பிரின் முதலிய குளிசைகளையும் நாட்டு மருந்துகளையும் பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். இதய நோய்க்காகக் குடிக்கும் மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

சம்மதமும் சான்றும்

சத்திரசிகிச்சைக்கு முன் ஒப்பமிடும் பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. தமிழில் விளக்கித் தரும்படி தாதியிடமோ வைத்தியரிடமோ மரியாதையாகக் கேளுங்கள். தேவையானால் மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயதுவந்த பெண்ணின் சம்மதம் அவளுடையதே. கணவரோ மாமியாரோ வற்புறுத்துவதற்காகச் செய்யவும் வேண்டாம். அவர்கள் சிரிப்பார்கள் என்பதற்காக வேண்டிய சிகிச்சையை விடவும் வேண்டாம்.

போரினால் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். முகத்தின் தழும்பு உங்களுக்கு நேர்ந்ததற்கு ஒரு சாட்சி. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ விண்ணப்பித்திருந்தால், அல்லது விண்ணப்பிக்க எண்ணியிருந்தால், சிகிச்சைக்கு முன்பே தழும்பைத் திகதியோடு படம் எடுத்து, வைத்திய அறிக்கையின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். முகம் பெரிதும் மாறினால் அடையாள அட்டைப் படத்தோடு ஒத்துப்போகாமல் சிரமம் வரலாம். வைத்தியசாலையின் கடிதமொன்றைக் கையில் வைத்திருங்கள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் வெளிச்சம், முகத்தில் வைக்கும் மூடி, இரத்த வாடை என்பன பழைய நினைவுகளைக் கிளறக்கூடும். மயக்கம் தெளியும்போது சிலர் கத்திக்கொண்டு எழும்புவார்கள். இது பைத்தியமல்ல. நடந்ததை ஒரு வரியில் தாதிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

வீடு திரும்பிய பின்

வீக்கமும் கண்டலும் இரண்டு மூன்று கிழமைகள் இருக்கும். முதல் கிழமையில் கண்ணாடியில் தெரியும் முகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தலையை உயர்த்திப் படுங்கள். தையலை வழக்கமாக ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் வெட்டுவார்கள். மூன்று நான்கு கிழமைகளுக்குக் குனிந்து வேலை செய்வது, தண்ணீர்க் குடம் தூக்குவது கூடாது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் பட்டி நெற்றியையும் மயிரோரத்தையும் அழுத்தும். வைத்தியர் அனுமதிக்கும் வரை அதைத் தொடவே வேண்டாம். விறகடுப்பின் சூட்டுக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள். வெயிலில் தழும்பு கறுக்கும். குடையும் சேலைத் தலைப்பும் உதவும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம் தெரிந்தால் உடனே காட்டுங்கள். இந்தக் கிழமைகளில் சமைக்க, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யார் இருக்கிறார்கள், கூலி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பதைத் திகதி எடுக்கும் முன்பே ஒழுங்குசெய்யுங்கள்.

சகோதரிகளே, தழும்போடு நிமிர்ந்து வாழ்வதும் ஒரு முடிவு. சிகிச்சை செய்துகொள்வதும் ஒரு முடிவு. இரண்டையும் எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த முடிவானாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். வெட்கத்தால் ஒதுங்கியிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். குறிப்பாக, இமை மூடாதவளோ வாய் திறக்க முடியாதவளோ உங்கள் அயலில் இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்கு அவளோடு துணையாகப் போங்கள். தனியே போகப் பயந்தே பல பெண்கள் இத்தனை ஆண்டுகளும் போகாமல் இருக்கிறார்கள்.